கரும்புத் தோட்டமும் கற்கோட்டையும்

(தொழிலாளர் படிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே,

உங்களில் பலர் சின்ன வயதில் சிலேட்டில் எழுதிப் படித்தவர்கள். எச்சில் தொட்டு அழித்து, அ, ஆ எழுதிய அந்தக் கறுப்புப் பலகை மரமல்ல, கல். மலையைப் பிளந்து, பாளம் பாளமாகப் பெயர்த்து, உளி வைத்துத் தட்டி, ஏடு ஏடாகப் பிரித்து எடுக்கிற கல். இந்தக் கல்லையும் ஒரு பிடிச் சர்க்கரையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அதற்குள் ஒரு குடும்பத்தின் இருநூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் என்று ஒரு சிறு நாடு உண்டு. அதன் வடபகுதியில் பெத்தெஸ்தா என்று ஓர் ஊர். ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலை. அந்த மலையைப் படிப்படியாக வெட்டி வெட்டி, ராட்சதன் செய்த படிக்கட்டு மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். அதுதான் பென்ரின் குவாரி. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய சிலேட்டு குவாரி. அங்கிருந்து சில மைல் தூரத்தில், கடலோரமாக ஒரு கோட்டை நிற்கிறது. பார்த்தால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜாக்கள் கட்டியது போல இருக்கும். ஆனால் அது 1820க்கும் 1837க்கும் இடையில் கட்டியது. கட்டியவர் ராஜாவுமல்ல. தோட்டத் துரை.

அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியோடு கடலைக் கடந்து நாலாயிரம் மைலுக்கு அப்பால் போக வேண்டும்.

பிழைக்கப் போனவர்

1655ல் இங்கிலாந்துப் படை மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவை ஸ்பெயினிடமிருந்து பிடித்தது. பிடித்த நிலத்தைப் படையினருக்கும் குடியேற வந்தவர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் கிபர்ட் பென்னன்ட். வட வேல்ஸில் பிளின்ட்ஷயர் என்ற வட்டாரத்துக் குடும்பம். படையில் இருந்தவர்.

கூலியாகப் போய்க் கூலியாகச் செத்தவர்கள் அந்தக் கப்பல்களில் எத்தனையோ பேர். ஏழை வெள்ளைக்காரர்களும் வருஷக் கணக்கில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துப் போய்க் காய்ச்சலில் மாண்டார்கள். கிபர்ட் பென்னன்ட் அந்த வகையல்ல. 1676ல் அவர் சாகும்போது, கிளாரண்டன் என்ற வட்டாரத்தில் ஏழாயிரம் ஏக்கருக்கு மேல் அவர் பெயரில் இருந்தது. இருபது வருஷத்துக்குள் ஏழாயிரம் ஏக்கர்!

இந்த மாதிரி மனிதர்களைப் பற்றிச் சீமையில் புத்தகம் எழுதுகிறவர்கள் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: "கடின உழைப்பால் உயர்ந்தவர்." நம் ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறோம். உயர்ந்தது உழைப்பால்தான், சந்தேகமில்லை. யாருடைய உழைப்பால் என்பதைத்தான் கேட்க வேண்டும். ஒரு மனிதன் இரண்டு கையை வைத்துக்கொண்டு ஏழாயிரம் ஏக்கரைக் கொத்த முடியுமா? நம் பண்ணையாள் தோழர்கள் சொல்லட்டும். ஒரு ஏக்கர் கரும்புக்கே எத்தனை ஆள் பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாததா?

கரும்பு கேட்ட விலை

கொத்தியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்கள். இரும்புச் சங்கிலியில் கட்டி, கப்பலின் அடித்தட்டில் மூட்டை அடுக்குவது போல அடுக்கிக் கொண்டு வந்தார்கள். வழியிலேயே செத்தவர்களைக் கடலில் வீசினார்கள். அந்த வியாபாரம் நடந்த காலம் முழுவதிலும் ஜமைக்காக் கரையில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை வேறு காலனிகளுக்கு விற்றார்கள். ஆனால் 1834ல் அடிமைத்தனம் சட்டப்படி முடிந்தபோது, அந்தத் தீவில் இருந்த அடிமைகள் 3 லட்சத்துக்குச் சற்று அதிகம். இத்தனை தலைமுறையாகப் பிள்ளை குட்டி பெற்றும் எண்ணிக்கை பெருகவில்லை, குறைந்திருக்கிறது! ஏன்? கரும்புத் தோட்டத்தில் பிறப்பைவிடச் சாவு அதிகம். ஆள் தேய்ந்தால் புது ஆள் வாங்குவது என்பதுதான் கணக்கு.

வேலை எப்படி நடந்தது? தோட்டத்து ஆட்களை மூன்று படையாகப் பிரித்திருந்தார்கள். திடமான ஆணும் பெண்ணும் முதற்படை. அவர்களுக்குக் கரும்பு நடக் குழி வெட்டுவது, எரு சுமப்பது, வெட்டுவது. அவர்களைவிட இளையவர்களும் உடல் நலிந்தவர்களும் இரண்டாம் படை. மூன்றாம் படையில் யார்? ஐந்தாறு வயதுக் குழந்தைகள். மாட்டுக்குப் புல் பிடுங்குவது, களை எடுப்பது அவர்கள் வேலை. மூன்று படைக்கும் பின்னால் சவுக்கோடு ஒருவன் நடப்பான்.

வெட்டுக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். வெட்டிய கரும்பு காத்திருக்காது. நம் பக்கத்தில் வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு இது தெரியும். நேரம் போனால் சாறு புளித்துவிடும். பகலெல்லாம் வெட்டியவர்கள் ராத்திரியில் முறை போட்டு ஆலைக்கு வர வேண்டும். தூக்கக் கலக்கத்தில் உருளைக்குள் கரும்பைக் கொடுக்கும்போது விரல் சிக்கும். விரலோடு கை போகும், கையோடு ஆள் போகும். அதனால் உருளைக்குப் பக்கத்தில் ஒரு கோடாலி தயாராக வைத்திருப்பார்கள். எதற்கு? உருளையை நிறுத்துவதற்கல்ல, கையை வெட்டிவிடுவதற்கு! இரவு ஷிப்டில் ஸ்பின்னிங் பிரேம் முன்னால் கண் சொருகி நின்ற தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

துரை லார்டு ஆனார்

தோட்டத்தை உண்டாக்கியவர் தீவிலேயே வாழ்ந்து தீவிலேயே செத்தார். அவர் மகன் எட்வர்ட் ஜமைக்காவின் தலைமை நீதிபதியானார். எவன் கையில் நிலமும் அடிமைகளும் இருந்தனவோ, அவன் கையிலேயே நீதிமன்றமும் இருந்தது. பேரன்மார் சீமைக்குத் திரும்பினார்கள். அவர்களில் சாமுவேல் லண்டன் நகரத்துக்கே மேயரானார். 1750ல் பதவியில் இருக்கும்போதே, கைதிகளை விசாரிக்கிற கோர்ட்டில் பரவிய சிறைக் காய்ச்சல் கண்டு இறந்தார்.

கொள்ளுப்பேரன் ரிச்சர்ட் பென்னன்ட்தான் நம் கதைக்கு முக்கியமானவர். ஜமைக்காப் பணத்தோடு அவர் வட வேல்ஸில் பாதி பென்ரின் எஸ்டேட்டுக்கு வாரிசான ஒரு பெண்ணை 1765ல் மணந்தார். மற்றப் பாதியையும் பின்னால் வாங்கினார். 1783ல் லார்டு பட்டம் வந்தது: பென்ரின் பிரபு. அடிமைக் கப்பல்களின் தலைநகரமாயிருந்த லிவர்பூலுக்கு அவர் பார்லிமெண்டு மெம்பர். தோட்ட முதலாளிகள் சங்கத்துக்கும் அவரே தலைவர். அடிமை வியாபாரத்தை நிறுத்த வேண்டும் என்று 1780களின் கடைசியில் இங்கிலாந்தில் பெரிய கிளர்ச்சி எழுந்தபோது, அந்த வியாபாரத்தைக் காப்பாற்றச் சபையில் மறுபடி மறுபடி எழுந்து பேசியவர் இவர்.

தோட்டங்களை லிவர்பூலிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் கடிதம் எழுதியே நடத்தினார். அந்தக் கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. ஏஜெண்டுக்கு யோசனை சொல்லும்போது மாடுகளையும் அடிமைகளையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதுகிறார்: இரண்டையும் அளவுக்கு மீறி வேலை வாங்க வேண்டாம் என்கிறார். இரக்கமுள்ள மனிதர் என்று இதைக் காட்டுகிறவர்கள் உண்டு. நான் இதில் இரக்கத்தைப் பார்க்கவில்லை, கணக்கைப் பார்க்கிறேன். மாடு படுத்துவிட்டால் நஷ்டம், ஆள் படுத்துவிட்டாலும் நஷ்டம். அவ்வளவுதான்.

அந்தச் சர்க்கரைப் பணம் என்ன ஆயிற்று? வேல்ஸ் மலைக்குள் இறங்கியது. அதுவரை அந்த மலையில் ஏழைக் குடிகள் ஆங்காங்கே சிறு குழி போட்டுக் கல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1780களில் பிரபு அவர்களை அப்புறப்படுத்தி மலை முழுவதையும் ஒரே குவாரி ஆக்கினார். ரோடு போட்டார். துறைமுகம் கட்டினார். 1801ல் குதிரை இழுக்கும் தண்டவாளப் பாதை வந்தது. கல் கடலுக்குப் போயிற்று, கப்பல் கப்பலாக ஏறிற்று. கூரை ஓட்டுக்கு அளவு வாரியாகப் பெயர் வைத்தார்கள். என்ன பெயர் தெரியுமா? டச்சஸ், கவுண்டஸ், லேடி! உடைக்கிறவன் நெஞ்சில் தூசி, உடைபடுகிற கல்லுக்குச் சீமாட்டி பெயர்.

நெய்தவர்களுக்குத் தெரியுமா?

ஆலைத் தோழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அடிமைக்கு உடுத்தத் துணி வேண்டுமல்லவா? அதை நெய்தது யார்? நடு வேல்ஸில் மலைக்குடிசைகளில் இருந்த ஏழைக் குடியானவர்கள்! ஆட்டு ரோமத்தை வீட்டிலேயே நூற்று, வீட்டுத் தறியிலேயே முரட்டுக் கம்பளித் துணி நெய்தார்கள். அதை ஷ்ரூஸ்பரி வியாபாரிகள் வாங்கி, கப்பலேற்றி, கரும்புத் தோட்டங்களுக்கு விற்றார்கள். வாங்கியவன் "நீக்ரோத் துணி" என்றான். நெய்தவனுக்குக் கிடைத்தது அரைவயிற்றுக் கஞ்சி.

வேல்ஸை மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது. நம் சோழமண்டலக் கரையில் நெய்து நீலம் தோய்த்த துணி ஐரோப்பியக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. அங்கே மனிதர்களை வாங்க விலையாக எண்ணிக் கொடுத்த சரக்குகளில் அதுவும் ஒன்று. நம் நெசவாளி அறிந்திருப்பானா? தறிக் குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தவனுக்குத் தன் துணி எந்தச் சந்தையில் எதற்கு விலையாகிறது என்று யார் சொன்னார்கள்? ஒரு நாட்டுத் தொழிலாளியின் வேர்வையை எடுத்து இன்னொரு நாட்டுத் தொழிலாளிக்கு விலங்கு செய்வது முதலாளியின் பழைய வித்தை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காதவரை அந்த வித்தை பலிக்கும்.

விடுதலை யாருக்கு? நஷ்டஈடு யாருக்கு?

அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் 1807ல் வந்தது. அடுத்த ஜனவரியில் ரிச்சர்ட் பென்னன்ட் இறந்தார். ஆனால் வியாபாரம்தான் நின்றது, அடிமைத்தனம் நிற்கவில்லை. அது எப்படி நின்றது?

பார்லிமெண்டில் சில நல்ல மனிதர்கள் பேசினார்கள், உண்மைதான். ஆனால் 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவின் மேற்குப் பகுதியில் நடந்ததைச் சீமைப் பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் ஓரத்தில்தான் வைத்திருந்தன. சாம் ஷார்ப் என்ற அடிமை, பைபிள் படித்த மனிதர். கூலி கொடுக்காவிட்டால் பண்டிகைக்குப் பிறகு வேலைக்குப் போவதில்லை என்று தோட்டம் தோட்டமாகச் சத்தியம் வாங்கினார். யோசித்துப் பாருங்கள், தோழர்களே! சங்கம் இல்லை, கூட்டம் போட அனுமதி இல்லை, ஓடினால் நாய் விட்டுப் பிடிப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் செய்ய நினைத்தது வேலைநிறுத்தம்! அது கலகமாக மாறிற்று. சுமார் 60 ஆயிரம் பேர் எழுந்தார்கள். துப்பாக்கி அடக்கியது. அதன் பிறகு முந்நூறுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். 1832 மே மாதம் சாம் ஷார்ப்பைத் தூக்கில் போட்டார்கள். அடுத்த வருஷமே அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. இனியும் இவர்களைக் கட்டி வைக்க முடியாது என்று ஆண்டவர்களுக்குப் புரிந்துவிட்டது.

சட்டம் நஷ்டஈடு கொடுத்தது. யாருக்கு? முதுகில் தழும்போடு நின்றவனுக்கல்ல, சவுக்கு வைத்திருந்தவனுக்கு! மொத்தம் 2 கோடி பவுன். பென்ரின் எஸ்டேட்டின் அப்போதைய சொந்தக்காரர் ஜார்ஜ் ஹே டாக்கின்ஸ் பென்னன்ட். கோட்டையைக் கட்டியவர் அவர்தான். 764 மனிதர்களுக்காக அவர் பெற்றது 14,683 பவுன் 17 ஷில்லிங் 2 பென்ஸ். தலைக்கு ஏறக்குறைய 19 பவுன். அந்த 764 பேரும் பெற்றது என்ன? 1838 வரை "பயிற்சிக் காலம்" என்ற பெயரில் அதே தோட்டத்தில், வாரத்தில் பெரும்பகுதி நேரம், கூலியில்லாத வேலை!

இந்த நஷ்டஈட்டுக்காக பிரிட்டிஷ் சர்க்கார் வாங்கிய கடன் எப்போது முழுசாகத் தீர்ந்தது தெரியுமா? 2015ல். கப்பலில் வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் லண்டனில் பஸ் ஓட்டி, ஆஸ்பத்திரியில் வேலை செய்து வரி கட்டினார்கள். தங்கள் பாட்டனாரை அடிமையாக வைத்திருந்தவனுக்குக் கொடுத்த பணத்தின் கடன் அந்த வரியிலிருந்தும் அடைபட்டது.

தோட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கறுப்பர்கள் கேட்கிற கூலி கட்டுபடியாகவில்லை என்று வேறு பக்கம் ஆள் தேடினார்கள். 1845ல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் ஜமைக்காவுக்குப் போயிற்று. போனவர்களில் பெரும்பாலோர் வடநாட்டவர், கொஞ்சம் பேர் சென்னைப் பக்கத்தவர். சங்கிலி போய்க் கைநாட்டு வந்தது.

மூன்று வருஷப் போராட்டம்

இப்போது மறுபடியும் பெத்தெஸ்தாவுக்கு வருவோம். சர்க்கரைப் பணத்தில் வளர்ந்த குவாரியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் வேலை செய்தார்கள். முதலாளி பேசியது இங்கிலீஷ், தொழிலாளி பேசியது வெல்ஷ். வேலை ஒரு விதமான பேரத்தில் நடந்தது. மூன்று நாலு பேர் கொண்ட ஜமா, ஒரு பாறைத் துண்டை மாதா மாதம் விலை பேசி எடுத்துக்கொள்ளும். தொழிலாளி அதைத் தன் மானமாக நினைத்தான். தான் கூலியாள் மட்டுமல்ல, கல்லின் நெளிவு சுளிவு தெரிந்த வினைஞன் என்று.

நெஞ்சில் தூசி சேர்ந்து இளம் வயதிலேயே இருமி இருமிச் செத்தார்கள். குவாரி டாக்டர்கள் என்ன சொன்னார்கள்? கல் தூசி கெடுதல் செய்யாது, இவர்கள் டீயை அளவுக்கு மீறிக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள், அதனால்தான் வியாதி என்றார்கள்! பஞ்சுத் தூசிக்கும் இந்த மாதிரி வைத்தியம் சொன்னவர்களை நாம் அறிவோம். அந்தக் கல் தூசி நோய்க்குச் சட்டப்படி நஷ்டஈடு கிடைக்க 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடிமைச் சொந்தக்காரனுக்கு நஷ்டஈடு உடனே கிடைத்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1874ல் சங்கம் உண்டாயிற்று. அந்த வருஷமே ஓர் ஒப்பந்தமும் ஏற்பட்டது. பின்னால் வந்த பிரபு 1885ல் அதைக் கிழித்துப் போட்டார். சொத்து என்னுடையது, நடுவில் சங்கம் யார் என்பதுதான் அவர் வாதம். 1896ல் தொடங்கிய தகராறு பதினோரு மாதம் நீடித்தது. பழைய பேரத்தை ஒழித்துப் பெரிய காண்ட்ராக்டர்களைப் புகுத்தினார்கள். 1900ல் காண்ட்ராக்டர்களோடு கைகலப்பு ஏற்பட்டு 26 பேர் மேல் வழக்கு வந்தது. தோழர்களுக்குத் துணையாகத் தொழிலாளர்கள் கோர்ட்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். அதற்குத் தண்டனை, பதினாலு நாள் வேலை நீக்கம். திரும்பி வந்தபோது எண்ணூறு பேருக்கு வேலை ஒதுக்கவில்லை. நவம்பர் 22ஆம் தேதி, வேலை இருந்தவர்களும் இல்லாதவர்களுமாகச் சுமார் 2,800 பேர் கருவிகளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்கள்.

மூன்று வருஷம்! ஊரைவிட்டுப் பலர் தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். பாட்டுக் குழுக்கள் கிளம்பி இங்கிலாந்து முழுவதும் பாடி நிதி சேர்த்தன. 1901 ஜூனில் குவாரியைத் திறந்து, உள்ளே வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு தங்கப் பவுன் கொடுத்தார்கள். சில நூறு பேர் போனார்கள். மற்றவர்கள் வீட்டு ஜன்னலில் ஓர் அட்டை வைத்தார்கள்: "இந்த வீட்டில் துரோகி இல்லை" என்று வெல்ஷ் மொழியில். நாம் கருங்காலி என்கிறோமே, அதே பொருள். ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில் அண்ணன் வீட்டு ஜன்னலில் அட்டை இருக்கும், தம்பி வீட்டில் இருக்காது. போலீசும் பட்டாளமும் வந்தன.

1903 நவம்பரில் போராட்டம் முடிந்தது. தோல்விதான். அதை மறைக்க வேண்டியதில்லை. திரும்பிப் போனவர்கள் முதலாளி சொன்ன நிபந்தனைக்குப் போனார்கள். முன்னணியில் நின்றவர்களில் பலருக்கு வேலை கிடைக்கவே இல்லை. ஊர் இரண்டுபட்டது. அந்த மனக்கசப்பு தலைமுறைகளுக்கு நீடித்தது.

இரண்டு கணக்கு, ஒரே புத்தகம்

ஒரு நண்பர் என்னிடம் கேட்டார்: "இருந்தாலும் அந்தக் குடும்பம் ரோடு போட்டது, துறைமுகம் கட்டியது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்ததே?" கொடுத்தது. ஆனால் கொடுத்த பணம் யாருடையது? கரும்புக் குழி வெட்டியவர்களுடையது. ஜமைக்காவில் பறித்ததை வேல்ஸில் போட்டு, வேல்ஸில் அதைவிட அதிகம் பறித்தார்கள். இதற்குத் தர்மம் என்று பெயரில்லை, முதலீடு என்று பெயர்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. குவாரித் தொழிலாளி அடிமையல்ல. அவன் குழந்தையைச் சந்தையில் விற்க முடியாது. கருவியை எடுத்துக்கொண்டு வெளியே நடக்க அவனுக்கு உரிமை இருந்தது. சாம் ஷார்ப் அதே காரியத்துக்குத் தூக்குமேடை ஏறினார். இருவர் துன்பமும் ஒன்று என்று சொன்னால் தோட்டத்தில் செத்தவர்களுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். ஆனால் இருவர் கணக்கும் ஒரே முதலாளியின் ஒரே புத்தகத்தில் எழுதப்பட்டது. அதுதான் உண்மை.

1951ல் அந்தக் கோட்டை பொதுப் பாதுகாப்புக்கு வந்துவிட்டது. டிக்கட் வாங்கி யாரும் பார்க்கலாம். விக்டோரியா ராணிக்காக உண்டாக்கிய, ஒரு டன் எடையுள்ள சிலேட்டுக் கட்டில் அங்கே இருக்கிறது. நெடுங்காலம் அந்தக் கோட்டையின் அழகை மட்டும் சொன்னார்கள். இப்போது ஜமைக்காவையும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பெத்தெஸ்தாவில் இன்னும் சில குடும்பத்தார் அந்த வாசலை மிதிப்பதில்லை. பாட்டன் பட்ட பாட்டைப் பேரன் மறக்கவில்லை.

கிளாரண்டனில் இன்றும் பென்னன்ட்ஸ் என்று ஊர் இருக்கிறது. டென்பி என்ற வேல்ஸ் ஊரின் பெயரால் ஓர் இடமும் இருக்கிறது. ஊருக்குத் துரையின் பெயர் நின்றுவிட்டது. நஷ்டஈட்டுக் கணக்கில் 764 என்ற எண்ணும் நின்றுவிட்டது. அந்த எழுநூற்று அறுபத்து நாலு பேருக்கும் ஆளுக்கொரு பெயர் இருந்தது, அம்மா இருந்தாள், கைவேலை தெரிந்திருந்தது.

தோழர்களே, இனி எங்காவது ஒரு பெரிய மாளிகையைக் காட்டி, "உழைத்து முன்னேறியவர் கட்டியது" என்று யாராவது சொன்னால், மரியாதையாகவே ஒரு கேள்வி கேளுங்கள்: "உழைத்தது யார், ஐயா?"